உப்புப் பொட்டலத்தில் ரெண்டு பேர்

என் உயிரை வாங்கிய ரெனிட்டாவுக்கு,

டிபார்ட்மென்ட் மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்று வருஷமும் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். "உருக்கமா எழுதும்மா" என்றார் எச்.ஓ.டி. சார். உருக்கம் வரவில்லை. கோபம்தான் வருகிறது, அதையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

முதலில் இதைக் கேள். நீ போனதும் காலேஜ் கேட்டில் உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கிராஃபிக் டிசைன் படிக்கிற பிள்ளைகள் வைத்த ஃப்ளெக்ஸ். பின்னால் வானம், வானத்தில் வெள்ளைப் புறா, கீழே உருகுகிற மெழுகுவத்தி. 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குத் தங்க நிறம், அதற்கு ஒரு நிழல், அந்த நிழலுக்கும் ஒரு நிழல். தருவைகுளத்து வெயிலில் வளர்ந்த உன் முகத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்க வைத்திருந்தார்கள். நீ இருந்திருந்தால் பிளேடை எடுத்துக் கிழித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

நம் பெஞ்சில் 'நல்லாருக்கு' என்பது கெட்ட வார்த்தை. அந்தச் சட்டம் நீ போட்டதுதான். முதல் வருஷம் உன் போஸ்டரைப் பார்த்து மரியாதைக்கு அப்படிச் சொல்லிவிட்டேன். "பாக்காமலே சொல்லுதியாளா? எது நல்லாருக்குன்னு சொல்லு, இல்லன்னா வாய மூடு" என்று கிளாஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏசினாய். அதற்குப் பிறகு உன் வேலையை நானும் என் வேலையை நீயும் குதறிப் போட்டோம். யாராவது சகிக்க முடியாத ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டினால் மட்டும், ரொம்ப மரியாதையாக, "நல்லாருக்கு" என்பாய். அவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். இப்போது நீ செய்த எல்லாவற்றையும் எல்லாரும் நல்லாருக்கு என்கிறார்கள். கிறுக்கித் தூக்கிப்போட்டதைக்கூட எடுத்து ஃப்ரேம் போட்டுவிட்டார்கள். எதையும் ஒருத்தர்கூட உற்றுப் பார்க்கவில்லை.

நம் கடைசி புராஜெக்டுக்கு வருகிறேன். உப்பளம் வைத்திருக்கிற அண்ணாச்சிக்காக நாம் செய்த கல் உப்புப் பொட்டலம். நீலமும், பாத்தியில் தண்ணீர் ஓடுகிற அந்த ஒற்றைக் கோடும் உன்னுடையவை. எழுத்து என்னுடையது. 'கல் உப்பு' என்ற ரெண்டு சொல்லுக்காக நான் எத்தனை தாள் வரைந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஊரில் கோயில் கொடை என்று நான் ஸ்ரீவைகுண்டம் போய் வருவதற்குள் நீ ஃபைலைத் திறந்து, நடுவில் இருந்த என் எழுத்தை வலது ஓரத்துக்குத் தள்ளி, என்னைக் கேட்காமல் சாம்பிளும் அடிக்கக் கொடுத்துவிட்டாய். கேட்டால், "நடுவுல இடம் விட்டாத்தான் மூச்சு விடும்" என்றாய்.

தாளில் மூச்சு விட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொட்டலம் என்பது தாளா? உள்ளே உப்பு விழுந்ததும் வயிறு உப்பியது, ஓரம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. முன்னால் நின்று பார்த்தால் 'கல் உப்' என்று மட்டும் தெரிந்தது. பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நான் மளிகைக் கடைக்காரர் மகள், பொட்டலம் பலகையில் எப்படி உட்காரும் என்று பார்த்தே வளர்ந்தவள். அதைச் சொன்னதற்கு லேபில் அத்தனை பேர் முன்னால், "கடைக்காரப் புத்தி எங்க போவும்?" என்றாய். நானும் சும்மா இருக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. யார் முதலில் பேசுவது என்று ரெண்டு பேரும் முறைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. பேசாமலே போய்ச் சேர்ந்து அந்தப் போட்டியில் நீ ஜெயித்துவிட்டாய். இதைவிடப் போங்காட்டம் உண்டா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கண்காட்சிக்கு ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நம் பொட்டலத்தை அதில் வைத்தார்கள். பின்னால் உன் போட்டோ, முன்னால் ஒரு அட்டை: 'ரெனிட்டாவின் கடைசிப் படைப்பு'. என் பேர் அதில் இல்லை. போய்க் கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ விட்டுக்குடும்மா. அந்தப் பிள்ளைக்கு இனி வேற என்ன இருக்கு? உனக்கு மார்க்கெல்லாம் ஒழுங்கா வந்துரும்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, உனக்காக நிஜமாகவே அழுதவர். அதனாலேயே எனக்கு வாய் திறக்க வழியில்லாமல் போயிற்று. வீட்டில் சொன்னேன். "செத்த பிள்ளகிட்டயா போட்டி போடுத?" என்று கேட்டாள் என் அம்மா.

ஆமாம், போட்டிதான் போடுகிறேன். அவ்வளவு தாள் வரைந்த கை என்னுடையது. நீ செத்துப்போனதால் அது எப்படி உன் கையாகும்? வெளியே வந்து வேலை தேடும்போது காட்டுவதற்கு என்னிடம் உருப்படியாக இருப்பது அந்த எழுத்து ஒன்றுதான். காட்டினால் செத்தவளுடையதைத் திருடியவள் என்பார்கள். உயிரோடு இருந்தபோது என் எழுத்தை ஓரத்துக்குத் தள்ளினாய், செத்த பிறகு என்னையே வெளியே தள்ளிவிட்டாயே.

கண்காட்சிக்குத் தருவைகுளத்திலிருந்து உன் அம்மா வந்தாள். எல்லாரும் வழிவிட்டார்கள். பொட்டலத்தைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏளா, இதுல எது அவ செஞ்சது?" என்று கேட்டாள். அந்தக் கூட்டத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

சொன்னேன். இந்த நீலம் அவளுடையது, இந்தக் கோடு அவளுடையது, கோடு வளைகிற இடம் பிரமாதம். எழுத்து நான் எழுதியது. அதை ஓரத்துக்குத் தள்ளியது அவள், அது தப்பு, கடைசி எழுத்து பக்கவாட்டில் போய்விட்டது பாருங்கள் என்று திருப்பிக் காட்டினேன். சார் வேகமாக வந்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? எல்லாம் ரெனிட்டா செஞ்சதுதான்" என்றார் உன் அம்மாவிடம்.

உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் அந்த இசக்கியா? ஆஸ்பத்திரில கெடக்கும்போதும் உன்னயத்தான் ஏசிக்கிட்டுக் கெடந்தா. எழுத்து எழுத்துன்னு புலம்புனா" என்றாள். அப்புறம் சாரிடம் திரும்பினாள். "எல்லாம் எம் மவளே செஞ்சிருந்தா, இந்தப் பிள்ள எதுக்கு அவகிட்ட ஏச்சு வாங்கணும்?"

நான் அந்த அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் மார்க்கரால் ரெண்டு பேரையும் எழுதி வைத்தேன். என் பேரை முதலில் எழுதினேன். அகர வரிசைப்படி இ முதலில்தான் வரும், நீ ரொம்பத் தள்ளி வருகிறாய். யாரும் தடுக்கவில்லை. உன் அம்மா போகும்போது ஒரு பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலும் என்னை ஏசினாய் என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அங்கே படுத்துக்கொண்டு, "இசக்கி பாவம், நல்ல பிள்ள" என்று நீ சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணாச்சி அந்தப் பொட்டலத்தை நிஜமாகவே அச்சுக்கு அனுப்புகிறார். எழுத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நகர்த்திவிட்டு, ஏச்சு விழும் என்று அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. இனி நான் செய்வது சரியா தப்பா என்று யார் சண்டை போட்டுச் சொல்வார்கள்? உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்திலேயே பெரிய கோபம் இதுதான், ரெனிட்டா. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

உன் நீலத்தைத் தொட மாட்டேன், கோட்டையும் தொட மாட்டேன், சத்தியம். உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நல்ல பிள்ளை என்று சொல்ல மாட்டேன். கெட்டிக்காரி, ஆனால் கூட வேலை செய்ய முடியாது என்றுதான் சொல்வேன். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் நம் பேர் வருகிறது. எத்தனை தடவை அச்சுக்குப் போனாலும் உன் பேர் என் பேருக்குக் கீழேயே இருக்கும், யாரையும் எடுக்க விட மாட்டேன். ஆனால் கீழேதான். மேலே வேண்டுமென்றால் எழுந்து வந்து சண்டை போடு.

இப்படிக்கு,
உன் பங்காளி
இசக்கி