கார்டை நிறுத்தியவளுக்கு

அம்மிணி,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ போனை எடுப்பதில்லை. ஊருக்கு வரும் நம் போர்வெல் ரிக் வண்டி டிரைவர் மாதேஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி மகள் காதுகுத்துக்கு இருக்காமல், போர்வெல் போட டான்சானியாவுக்கு விமானம் ஏறியதைப் பற்றி எழுதப்போவதில்லை. ஏ.டி.எம். பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இங்கே ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் தனியாகக் கட்டணம் பிடிக்கிறார்கள். மாதேஷ் தலையில் அடித்துக்கொண்டான். "ஏனுங்கண்ணா, மொத்தமா எடுத்தா ஒரு தடவையோட போயிருமில்லீங்க? டீக்காசு எடுக்கவா தெனமும் டவுனுக்கு வாரீங்க?"

அவனுக்கென்ன தெரியும்! கணக்கு உன் பேரில் இருப்பதால், எடுக்கும்போதெல்லாம் உன் போனுக்கல்லவா மெசேஜ் வருகிறது? தக்காளிக்காரனிடம் ஒரு ரூபாய் விடாதவள், இந்த வீண் கட்டணத்தைப் பார்த்துத் திட்டுவதற்காவது கூப்பிடுவாய் என்று நம்பினேன்.

நேற்று மிஷின் கார்டை ஏற்கவில்லை. நம் ஊர் பேங்க்கின் ஃபேர்லேண்ட்ஸ் கிளைக்குப் போன் செய்தேன்.

"உங்க ஊட்டுக்காரம்மாவே நேர்ல வந்து நிறுத்தச் சொன்னாங்க, சார்."

"கோவமா இருந்தாங்களா?"

"ரொம்பங்க."

அம்மிணி, அத்தனை மெசேஜையும் படித்திருக்கிறாய்! சந்தோஷத்தில் மாதேஷிடமே கடன் வாங்கி, எல்லோருக்கும் கோழிக்கறி வாங்கிப் போட்டேன்.

நாளை அவனும் கிளம்பிவிடுவான். கையில் சல்லிக்காசு இல்லை. கார்டைத் திறந்துவிடச் சொல். ஆனால் அதற்கு முன்னால் போனில் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டிவிடு, சாமி.

இப்படிக்கு,
கட்டணம் கட்டியே நொந்துபோன உன் ஊட்டுக்காரன்