ஏகாதசியில் கிரீன் டீ மாத்திரை

அக். 3, வெள்ளி

விடாத மழை. துணி காயவில்லை. எடை 72. எழுபதைத் தாண்டினால் என் கிட்னியைத் தம்பி சேதுவுக்கு எடுக்க மாட்டார்கள். டாக்டர் கண்டிப்பு. வருஷம் முழுக்க வாயைக் கட்டி இறக்கியது. இந்த நவராத்திரி கெடுத்தது, சனியன். கரமனையில் வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கு, சுண்டல், பாயசம். வேண்டாமென்றால் முகம் தூக்குகிறார்கள்.

எதிர்வீட்டு விஜயாதான் இளைக்க நான் தின்னும் மாத்திரை விற்பவள். "ரெண்டு மாசமா ஒண்ணு ஒண்ணுதானே மாமி? கூட்டிக்கோங்கோ. வெறும் தேயிலையாக்கும், என்ன பண்ணிடும்?"

சரி என்றேன்.

அக். 6, திங்கள்

ஏகாதசி. பச்சைத் தண்ணீர் மட்டும். மாத்திரை மருந்துதானே, விரதம் முறியாது. காலை இரண்டு, சாயங்காலம் இரண்டு. வயிறு புரட்டல். புரட்டட்டும். நாளை பாரணையும் வேண்டாம். பகவானே, இந்த இரண்டு கிலோ.

பம்பாயிலிருந்து இவர் ஃபோன். "உன் தம்பிக்கு வேற ஆளே இல்லையா?" இல்லை. வைத்துவிட்டேன்.

டயாலிசிஸ் முடிந்து வந்த சேது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். "மதி அக்கா. மடுத்துப் போச்சு. போதும் எனக்கு."

"செத்துக் கித்து வெச்சியோ, கொன்னுடுவேன்!"

கத்திவிட்டு அடுக்களையில் போய் அழுகை.

அக். 10, வெள்ளி

69!! குதிக்கலாம் போல. சோற்றைப் பார்த்தாலே குமட்டல், அதுவும் நல்லதற்கே. மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறம். தண்ணீர் போதவில்லை போலும். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. சேதுவுக்குச் சட்டை இஸ்திரி போட வேண்டும்.

அக். 14, செவ்வாய்

எடை பாஸ். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"சேச்சி வேறே மருந்நு வல்லதும்?"

"மருந்தொண்ணும் இல்லை டாக்டர். கிரீன் டீ மாத்திரை மட்டும். எடை ஏறாம இருக்க."

பேனாவைக் கீழே வைத்தார். கல்லீரல் கெட்டிருக்கிறதாம். மாத்திரையாலாக இருக்கலாம், பட்டினியோடு தின்றது அதைவிட மோசம். இனி தொடக் கூடாது. ஆபரேஷன் இப்போது இல்லை. எப்போது என்று கேட்டேன். ரிப்போர்ட்டை மடித்துக் கவரில் போட்டார். பாவி, நானே கெடுத்தேன். என் கையாலேயே.

வீட்டுக்கு வந்து சேதுவே அரிசி களைந்து வைத்தான். அவனே பரிமாறினான், சோற்றுக் குழி நிறைய நெய்யும் விட்டு.

"சாப்பிடு அக்கா. இனி தடிச்சா என்ன?"