அத்தையின் முழுப்பெயர்

அன்பு மகள் சோமாடினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை, மற்றபடி நடமாட்டத்தோடு இருக்கிறேன். அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அத்தையைச் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். நம் குலத்தில் பிறந்த பெண்கள் எல்லாரும் நாலு நாள் வந்து தங்கி, சூப்பில் மீன் போதவில்லை என்று சண்டை போட்டு, முறைப்படி அனுப்பிவைத்தார்கள். என் பழைய கூட்டாளி பேராசிரியர் ஒக்வுடிலியும் வந்து அவளுடைய சமையலைப் பற்றி இருபது நிமிடம் பேசினான்.

நீ போனில் அழுதபோது சொல்ல வாய் வரவில்லை. உன் ஆய்வேட்டில் பதினோரு இடத்தில் அவனை மேற்கோள் காட்டியிருக்கிறாய். பெண்கள் எல்லாரும் ஊர்த்தலைவன் வாசலில் போய் உட்கார்ந்து விடிய விடியப் பாடினால் அவனுக்கு ஏது தூக்கம், ஆகவே அவனைத் தூங்க விடுவதுதான் மக்கள் தரும் சம்மதம் என்ற கோட்பாடு ஒக்வுடிலியுடையது அல்ல. அத்தை நம் சமையலறையில் சூப்புக்கு எகுசி விதை உரித்துக்கொண்டே மூன்று நாள் சொன்னாள், நானும் அவனும் எழுதிக்கொண்டோம். புத்தகத்தில் அவள் பெயரைப் போடாமல், பிள்ளையின் பெயரை வைத்து "சிதேராவின் அம்மாவுக்கு நன்றி" என்று போட்டான். வெளிநாட்டுப் பதிப்பாளர் முழுப்பெயர் கேட்டபோது, மூத்த பெண்ணைப் பெயர் சொல்லி அழைப்பது எங்கள் ஊரில் அவமரியாதை என்று பதில் எழுதியவன் நான்தான். எங்கள் மரியாதையைக் கண்டு அவர் நெகிழ்ந்துபோனார். அத்தை புத்தகத்தைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான்டா, பேசினது யாருன்னுதான் மறந்துட்டான்" என்றாள். நான் சிரித்தேன். முப்பத்தெட்டு வருஷம் அதோடு விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்ததும் ஒக்வுடிலியிடம் இனியாவது திருத்தலாமே என்றேன். "செத்தவங்க அடிக்குறிப்பு படிப்பாங்களாடா?" என்றான். பிறகு தோளில் தட்டி, "உன் பொண்ணுக்கு நான்தான் வெளிப் பரீட்சகர், ஞாபகம் வச்சுக்கோ" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆப்பிரிக்கப் பெண்கள் அரசியல் கோட்பாட்டில் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதுதானே உன் தலைப்பு. அதற்கு மதிப்பெண் போடப்போகிறவன் அவன்.

அவள் பெயர் ஒஜியூகோ எசேயுக்வு. எழுபத்தொரு வயதில் இன்றுதான் முதல்முறையாக அதைக் கையால் எழுதுகிறேன். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ அதை ஆய்வேட்டில் சேர்த்தால் பட்டம் கிடைக்காமல் போகலாம், ஆறு வருஷமும் வீணாகலாம். சேர்க்காவிட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நகலை இன்னும் ஒக்வுடிலிக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் உனக்காக இன்னொரு ஆண்பிள்ளை முடிவெடுத்ததாக ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அத்தை இருந்தால் இதற்குப் பயம் என்றுதான் பெயர் வைத்திருப்பாள்.

கடவுள் உன்னைக் கைவிடாதிருக்கட்டும். வெள்ளிக்கிழமைதான் ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள், மறந்துவிடாதே.

உன் அப்பா,
இகெம்பா எசேயுக்வு