வலப்பக்கம் மட்டும்

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

காலையில் மாரெட்பள்ளியில் ஒரு பூணூல் கல்யாணம். அட்சதை போட்டேன், சாப்பிட்டேன், வந்தேன். சாயங்காலம் குடும்ப வாட்ஸாப்பில் படம் வந்தது. பஞ்சகச்சம், அங்கவஸ்திரம், நடுவில் நான். நான் என்றா சொன்னேன்? முதலில் வயிறு, அதற்குப் பின்னால் நான். தம்பி மகன் அபிநவ் கீழே எழுதியிருக்கிறான்: "பெரியப்பா, எத்தனாவது மாசம்?"

எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று வேதா போட்டது. முப்பத்து மூன்று வருஷமாக எனக்குச் சோறு போட்டு இந்த வயிற்றை வளர்த்தவளே சிரித்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பிப்ரவரி எட்டாம் தேதி எனக்கு அறுபதாம் கல்யாணம். அதே மாசக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஓய்வு. அன்றைக்கு இருநூறு பேர் முன்னால் சட்டையில்லாமல் அரை நாள் உட்கார வேண்டும். போதாததற்குப் பிள்ளை கௌஷிக் மண்டபத்தில் பெரிய எல்.ஈ.டி. திரை ஏற்பாடு பண்ணியிருக்கிறான். வேண்டாமடா என்றதற்கு, "எல்.ஈ.டி. லேகுண்டா எலா அப்பா? அது இல்லாம எப்படி? பின்னாடி உக்காந்தவாளுக்கு என்ன தெரியும்?" என்கிறான். தெரியக் கூடாதென்றுதானடா சொல்கிறேன்.

அக்டோபர் 13

எண்பத்தேழு கிலோ. தராசு பழசு.

அக்டோபர் 18, சனி

தலைமுடி வெட்டப் போகிறேன் என்று வேதாவிடம் சொல்லிவிட்டு செகந்திராபாத்தில் ஒரு க்ளினிக்குக்குப் போனேன். கத்தி இல்லை, தையல் இல்லை, கொழுப்பை உறைய வைத்தே கரைத்துவிடுவார்களாம். தேஜஸ்வினி என்று ஒரு பெண், ஆலோசகராம், சட்டையைத் தூக்கச் சொன்னாள். மார்க்கர் பேனாவால் என் வயிற்றில் நாலு கட்டம் போட்டாள், வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. ப்ளாட் அளக்க வந்த சர்வேயர் மாதிரி இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துக்கொண்டாள்.

"ஒரு கட்டம் முப்பதாயிரம் அங்கிள். ப்ளஸ் ஜி.எஸ்.டி."

பதினெட்டு சதவீதம்! கொழுப்பைச் சேர்க்கிற மைசூர்பாகுக்கு ஐந்து, கரைப்பதற்குப் பதினெட்டு. நல்ல நியாயம். மோண்டா மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேசுகிற மாதிரி பேசிப் பார்த்தேன். ஒரு கட்டத்தைக் கொசுறாகப் போடக் கூடாதா என்றுகூடக் கேட்டேன். சிரித்துவிட்டு, "டென்ஷன் நக்கோ அங்கிள், கவலையே வேண்டாம், ஈ.எம்.ஐ. இருக்கு" என்றாள்.

முடி வெட்டாமலே வீட்டுக்கு வந்தேன். வேதா என் தலையைப் பார்த்தாள்.

அக்டோபர் 22

சர்க்காரைச் சேர்ந்த கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவனுக்குத் தும்மினாலும் பில்லைத்தான் தேடத் தோன்றும். மெடிக்கல் பில் பிரிவில் இருக்கும் ஸ்ரீனிவாஸிடம், "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தேன். அவன் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்: "அழகுக்கெல்லாம் கம்பெனி குடுக்காது சார். உங்க நண்பர வாக்கிங் போகச் சொல்லுங்க, அது ஃப்ரீ."

அக்டோபர் 25

ஈ.எம்.ஐ. கிடையாதாம். கடன் கொடுக்கிற கம்பெனி என் பிறந்த தேதியைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டது. "பிப்ரவரில ரிடயர் ஆகறீங்களே அங்கிள்" என்று தேஜஸ்வினி ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னாள். சிரிப்பு வரவில்லை எனக்கு. அறுபது வயசானா மனுஷன் அவ்வளவுதானா? வயிற்றைக் கரைக்கக்கூட நம்பிக் கடன் கொடுக்க மாட்டார்களா?

என் கார்டின் வரம்பு எழுபத்தைந்தாயிரம். அதில் இரண்டு கட்டம்தான் அடங்கும். மொட்டை மாடியில் நடந்தபடி யோசித்தேன். அங்கவஸ்திரம் இடது தோளில்தானே தொங்கும்? இடப்பக்கம் அதற்குள் மறைந்துவிடும். ஆகவே இப்போது வலப்பக்கம் மட்டும். டிசம்பரில் டெபாசிட் ஒன்று முதிர்கிறது, அதை வைத்து இடப்பக்கம்.

என்ன மூளைடா அனந்தராமா உனக்கு!

நவம்பர் 1, சனி

பாதி மனிதனுக்குப் பணம் கட்டிவிட்டேன். எழுபதாயிரத்து எண்ணூறு.

அவர்கள் அனுப்பிய லிங்கில் கார்டு நம்பரைப் போட்டதும் ஓ.டி.பி. கேட்டது. அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷம் முன்பு ஸ்டேஷனில் என் போன் திருட்டுப் போனபோது கௌஷிக் பாங்கில் வேதாவின் நம்பரைக் கொடுத்தான். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், மாற்றவில்லை. வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் போட்டேன்.

"என்னது இது, இவ்ளோ பெரிய தொகை?"

"கேட்டரிங் அட்வான்ஸ்."

அப்புறம் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

மிஷின் சதையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. முதலில் பல் கிட்டுகிற குளிர், பிறகு மரத்துப்போய்விட்டது. கழற்றியபோது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய்க் கட்டி மாதிரி சதை விறைத்து நின்றது. அதை ஒரு பையன் அழுத்திப் பிசைந்தான். அம்மா! பலன் தெரிய மூன்று மாசம் ஆகுமாம். பில் மட்டும் உடனே.

நவம்பர் 2

குளித்துவிட்டு வரும்போது வேதா பார்த்துவிட்டாள். வலப்பக்கம் சிவப்பாக இரண்டு தடம். ஸ்கூட்டர் ஹாண்டில் இடித்தது என்றேன்.

"ஸ்கூட்டர் கட்டம் போட்டா இடிக்கும்?" என்று கேட்டுவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

நவம்பர் 20

கார்டு பாக்கியை ஆறு தவணையாக மாற்றினேன். அதற்கு வட்டி, வட்டிக்கும் வரி. வயிறு அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

வேதாவோடு நகைக்கடைக்குப் போனேன். அறுபதாம் கல்யாணத்துக்குப் புதுத் திருமாங்கல்யம் பண்ண வேண்டும். போன வருஷம் நாங்கள் ஒதுக்கி வைத்த பணம் இன்றைய விலையில் பாதிக்குக்கூடப் பத்தவில்லை. தங்கம் ராக்கெட் ஏறிப் போய்விட்டது. கடைக்காரர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். வேதா முகம் மாறவில்லை.

"சின்னதா பண்ணிக்கலாம். பேருக்கு இருந்தாப் போறும். யாரு எடை போட்டுப் பாக்கப் போறா?"

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில், "கல்யாணத்தும்போதும் எங்கப்பாவால முடியல, சின்னதாத்தான் பண்ணினா. எனக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். என் பையில் டெபாசிட் முதிர்ந்த பணம் இருந்தது. கடையிலிருந்து நேரே க்ளினிக்குக்குப் போவதாகத் திட்டம். இடப்பக்கத்துக்காக.

வீட்டில் காபி குடித்தேன். கண்ணாடியில் இடப்பக்கத்தைப் பார்த்தேன். அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு, வயிற்றை நினைத்து இல்லை.

டிசம்பர் 15

நகைக்கடையில் முழுப் பவுனுக்கும் பணம் கட்டிவிட்டேன். "ஏது?" என்றாள் வேதா. பழைய டெபாசிட் என்றேன். இந்த இரண்டு மாசத்தில் அவளிடம் சொன்ன முதல் நிஜம். தேஜஸ்வினி போன் பண்ணினாள், எடுக்கவில்லை.

ஜனவரி 9, 2026

சும்மா சொல்லக் கூடாது, வலப்பக்கம் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. அதுதான் இப்போது சங்கடம். பாண்ட் வலப்பக்கம் இறங்குகிறது, இடப்பக்கம் பிடிக்கிறது. இன்று காரிடாரில் ஸ்ரீனிவாஸ் நிறுத்தினான்: "என்ன சார், ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறீங்க? முதுகு வலியா? அதுக்கு பில் போடலாம் சார்."

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று முடியவில்லை, இன்று எழுதுகிறேன்.

மணையில் உட்காரப் போகும்போது சாஸ்திரிகள் சொன்னார்: "மாமி, அவருக்கு வலப்பக்கம் உக்காருங்கோ."

வலப்பக்கம்! கல்யாணமான நாளிலிருந்து எந்த ஹோமத்துக்கு உட்கார்ந்தாலும் வேதா வலப்பக்கம்தானே உட்கார்ந்திருக்கிறாள்? மொட்டை மாடியில் அத்தனை யோசித்தவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? எழுபதாயிரத்து எண்ணூறு ரூபாயும் அவள் மடிசாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

சரி, இடப்பக்கத்துக்கு அங்கவஸ்திரம் இருக்கிறதே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் சாஸ்திரிகள், "அக்னி பக்கத்துல தொங்க விடக் கூடாது" என்று அதை உருவி, கயிறு மாதிரி முறுக்கி, இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டுக்கு மேலே இடப்பக்கம் பொங்கிக்கொண்டு நின்றது. காமிராக்காரன் எந்தப் பக்கம் நின்றான் என்று கேட்க வேண்டுமா? நிமிர்ந்து பார்த்தால் எல்.ஈ.டி. திரை முழுக்க என் இடது இடுப்பு. பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், கௌஷிக் சந்தோஷப்பட்டிருப்பான்.

வேதா என் காதோரம் குனிந்தாள். மந்திரத்துக்கு நடுவே, உதடு அசையாமல்:

"காசு கொடுத்த பக்கம் எனக்கு. மத்தது ஜனங்களுக்கு."

ஸ்வாஹா சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வாயே திறக்கவில்லை. சாஸ்திரிகள் முறைத்தார்.

சாயங்காலம் கேட்டேன், எப்போதிலிருந்து தெரியும் என்று. "அந்த ஓ.டி.பி.லயே கடை பேரு போட்டிருந்துதே. எந்தக் கேட்டரிங்காரன்னா ஸ்லிம்மிங் க்ளினிக்குனு பேரு வெச்சுப்பான்?"

"அப்பறம் ஏன் நம்பர் சொன்னே?"

"அபிநவ் எழுதினதுக்கு நானும் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி நீங்க மோர் மட்டும் குடிச்சுட்டுப் படுத்துண்டேள். எனக்குப் பொறுக்கல. செஞ்சுக்கட்டுமேனு விட்டுட்டேன்." என் இடது இடுப்பைப் பார்த்துவிட்டு, "இன்னொரு பக்கம் ஏன் பண்ணிக்கல?" என்றாள்.

அவள் கழுத்தைக் காட்டினேன்.

புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. திருமாங்கல்யத்தை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அழுதுவிட்டாள். நானும்தான். எழுதினால் என்ன, என் டைரிதானே.

அபிநவ் போகும்போது பயந்துகொண்டே கிட்ட வந்தான். "பெரியப்பா, அன்னிக்கு வெளையாட்டுக்கு எழுதினேன்." "அறுபது வருஷமாச்சுடா, இன்னும் பொறக்கல" என்றேன். இரண்டாவது பாயசமும் வாங்கிக் குடித்தேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஆபீஸில் கடைசி நாள். மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். ஸ்ரீனிவாஸ் பேசும்போது அழுதான், எதிர்பார்க்கவில்லை.

க்ளினிக்கிலிருந்து போன், இடப்பக்கத்துக்கு மகளிர் தினச் சலுகையாம். மகளிர் தினத்துக்கு எனக்கென்ன சலுகை அம்மா என்று கேட்டு வைத்துவிட்டேன். வலப்பக்கத்துக்கே இன்னும் இரண்டு தவணை பாக்கி, அதைப் பென்ஷன்தான் கட்ட வேண்டும்.

மத்தியானம் பாங்குக்குப் போய்ச் சம்பளக் கணக்கைப் பென்ஷன் கணக்காக மாற்றினேன். கவுண்டரில் இருந்த பெண், "மொபைல் நம்பர் உங்களுது இல்லையே சார், இப்பவே மாத்திடலாமா?" என்று கேட்டாள்.

வேண்டாம், அவள் நம்பரே இருக்கட்டும் என்றேன்.