மைக்கம்மா வழியனுப்பிய விதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் தம்பியும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரையும் வேலையையும் சமாளித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். எப்போதும் போல் பாட்டியையும் சேர்த்து எழுதத் தொடங்கிவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதில் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, துணியை நான் காயப் போடுகிறேன் என்றால் நீங்கள் போட்டால் சுருக்கத்தோடு காயும் என்கிறாள். தம்பி செருப்புக் கடை வேலையில் ஒருவழியாக நிலைத்துவிட்டான், இப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்குமுன் காலைத்தான் பார்க்கிறான். குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது, குழாய்க்காரர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் அழுததை உன் அம்மா சொன்னாள். பாட்டி என் மேல கோபத்தோடயே போயிட்டாங்கம்மா, கடைசியா பேசினப்பகூட இனிமே போன் பண்ணாதேன்னுதான் சொன்னாங்க என்றாயாம். லீவு கிடைக்காமல் வர முடியாமல் போனது ஒரு வருத்தம், அதைவிட இதுதான் அவளைப் போட்டு அரிக்கிறது என்றாள். உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எனக்குப் பேச வராது, சாப்பிட்டாயா, அங்கே மழையா என்பதற்கு மேல் நாக்கு புரளாது. அதனால்தான் எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

பாட்டி பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்தவள் என்பது உனக்குத் தெரியும், நீ பிறப்பதற்குள் ஓய்வு பெற்றுவிட்டாள் என்பதால் அந்த அறையை நீ பார்த்ததில்லை. நேரக் காப்பாளர் அறையை ஒட்டி ஒரு பொந்து, ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், கம்பி வைத்த ஜன்னல், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் உன் அத்தையும் அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் பாடம் படிப்போம். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று சொல்வதுதான் வேலை, ஆனால் உன் பாட்டி அதோடு நிறுத்த மாட்டாள். குடையை விட்டுட்டுப் போன மகராசன் வந்து எடுத்துக்கிட்டுப் போகவும், அடுத்த தடவை தலையையும் விட்டுட்டுப் போக வேணாம் என்பாள். மேலதிகாரி எழுதிக் கேட்டும் திருந்தவில்லை. ஊரில் அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது, மைக்கம்மா என்றால்தான் தெரியும். பேசுவதற்கு முன் மைக்கை இரண்டு தரம் ஊதுகிற பழக்கம் கடைசி வரை போகவில்லை. வீட்டுப் போனையும் ஊதிவிட்டுத்தான் ஹலோ சொல்வாள், நீ அதைச் செய்து காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாயே. இப்போது நிலையத்தில் பதிவு செய்த குரல் ஒன்று சொல்கிறது, நல்ல குரல்தான், யாரையும் திட்டுவதில்லை.

அவள் வாய் எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். மற்ற நாளில் கேலியும் கிண்டலுமாகத்தான் பேசுவாள், நெஞ்சில் குத்துகிற மாதிரி சண்டை போடுவது யாராவது ஊருக்குக் கிளம்பும்போது மட்டும்தான். உன் அத்தை கல்யாணமாகிக் கிளம்பிய அன்று ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக வாசலில் நின்று சண்டை, நல்ல வாளியை எடுத்துட்டுப் போறியே, ஓட்டை வாளியில நாங்க குளிக்கிறதா என்று. அத்தை வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் முதல் வேலைக்குப் போனபோது என் கையெழுத்தைப் பழித்தாள். நீ கிளம்பியபோது பெட்டி. பாதிப் பெட்டி காத்துதான் இருக்கு, ஒரு பெட்டி அடுக்கத் தெரியல, இவ போய் அங்கே என்னத்தைக் கிழிக்கப் போறா என்றாள். நான் இனிமே இந்த வீட்டுக்கு வந்தா ஏன்னு கேளுங்க என்று கத்திவிட்டு நீ காரில் ஏறினாய், திரும்பியே பார்க்கவில்லை. பாட்டி உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். யார் கிளம்பினாலும் அவள் அப்படித்தான், கை கால் கழுவுகிறாள் என்று நாங்கள் இருந்துவிடுவோம். உன் அம்மாகூட, திட்டின களைப்பு தீரணும்ல என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய டிரைவர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும், உங்கப்பா என் பஸ்ஸில இருந்து இறங்கின கதை தெரியுமா தம்பி என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது உன் தாத்தாவுக்குத் தூரத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர் வேலை கிடைத்ததாம். நிரந்தர வேலை. வழியனுப்ப வந்த பாட்டி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அழுதாளாம், பஸ் நகர்ந்தும் கையை விடவில்லையாம். தாத்தா பாலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டார். மில்காரன் வேறு ஆளைப் போட்டுக்கொண்டான். அப்புறம் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் உண்டு என்கிற நிலைமை, அதனால்தான் பாட்டி மைக் வேலைக்கு வந்தாளாம். இத்தனை வயதில் இதை நான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

மறு வருஷம் வேறொரு மில்லில் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பாட்டி இருக்கிற ஒரே குடையை எடுத்துக்கொண்டு போகிறார் என்று நிலையமே வேடிக்கை பார்க்கத் தாத்தாவோடு சண்டை போட்டிருக்கிறாள். தாத்தா குடையை அங்கேயே வீசிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்து இறங்கும் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாராம். பாலம் வந்தது, ஸ்டாப் வந்தது, மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கல என்றார் டிரைவர். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்ததும் அவரே பாட்டியிடம், ஏம்மா, புருஷனை இப்படியா நாலு பேர் முன்னால பேசறது என்று கேட்டிருக்கிறார். அழுது அனுப்பினா அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவாருண்ணே, திட்டி அனுப்பினாத்தான் ஊர் போய்ச் சேருவாரு என்று சொல்லிவிட்டு மைக்கை ஊதப் போய்விட்டாளாம்.

அவர் முன் சீட் என்று சொன்னதுமே எனக்குச் சுரீர் என்றது. ஆஸ்பத்திரியில் கடைசிச் சாயங்காலம் நான் தலையணை உறை மாற்றினேன், உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஒரு உறை போடத் தெரியல, உன்னையெல்லாம் ஆபீஸ்ல எப்படிடா வெச்சிருக்காங்க, எழுந்து போ, என் கண்ணு முன்னால நிக்காதே என்று நர்ஸ் எதிரிலேயே கத்தினாள். எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிட்டது. உன் அம்மாவை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பி, பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வீடு வரைக்கும் வாய்க்குள் முனகிக்கொண்டே வந்தேன். காலையில் செய்தி வந்தது. கிளம்பினது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கிளம்பினது அவள்.

இப்போது உன் போன் விஷயம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் காதில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். ஊதக்கூட மூச்சு இல்லாத நிலையிலும் இரண்டு தரம் ஊதினாள். நீ லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் பாட்டி, கிடைக்கலேன்னா வேலையை விட்டுட்டு வந்துடறேன் என்றாய். எனக்கும் கேட்டது. அதற்குத்தான் அவள், நீ வந்து இங்கே ஒண்ணும் ஆகப் போறதில்ல, இனிமே போன் பண்ணாதே, வை, எனக்கு வேலை இருக்கு என்றாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவளுக்கு என்ன வேலை? நீ வைத்ததும், வெச்சிட்டாளா, நல்லாப் பார்த்துச் சொல்லு என்று கேட்டாள். வைத்துவிட்டாள் என்றேன். திரும்ப அழைக்கிறாயா என்று கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, மூலையில இருக்கிற குழாயைக் கொஞ்சம் திறந்து விடுடா என்றாள். கை கழுவணுமா என்று கேட்டேன். சும்மா திறந்து விடு என்றாள். தண்ணீர் வீணாகப் போகிறதே என்று நான் சீக்கிரமே மூடிவிட்டேன், அதுதான் இப்போது எனக்கு ஆறவில்லை.

உன் மேல் அவளுக்குக் கோபம் இல்லையம்மா, ஒரு துளிகூட இல்லை. நீ அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவாயோ என்று பயந்தாள், அவ்வளவுதான். இதை மனதில் போட்டுக்கொண்டு வேலையைக் கோட்டை விடாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு ரயில் பிடிக்க ஓடாதே. மாப்பிள்ளையின் இருமல் நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள், மருந்துக் கடைக்காரனிடம் கேட்டு வாங்கிக் குடித்தது போதும். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் கோணாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும், இது எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம். அடுத்த கோடை லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்து வை, மறக்காதே. பாட்டியின் கட்டிலை எடுக்கவில்லை, நீ வந்தால் அதில் படுத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவள் மாதிரி திட்டி அனுப்ப எனக்கு வராது. நீ திரும்பிப் போகும்போது நான் அழுதுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக நீ இறங்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா