அக்கா மகளோடு டிரக்கில் சாய்ந்தது

வெள்ளி இரவு

தாய்மாமன் குலத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை.

அக்கா மகள் ரேவதி மோட்டோகிராஸ் பைக்கில் மூன்று முறை சாம்பியன். முழங்கால்கள் போதுமடா சாமி என்றுவிட்டதால், இப்போது கரடுமுரடில் ஓட்டும் டிரக் பந்தயத்துக்குத் தாவுகிறாள். திருநீர்மலைப் பக்கம் இன்று சோதனை ஓட்டம். கவிழாமல் ஒரு சுற்று முடித்தால்தான் டீமில் இடம். பக்கத்து சீட்டுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தொண்ணூற்றெட்டு கிலோவோடு நான் ஏறினேன்.

டிரக் என்றால் லாரிதானே என்று பல்லாவரம் சந்தையில் ஆறு எலுமிச்சை வாங்கியிருந்தேன். பார்த்தால் நாலே சக்கரம். மிச்சம் இரண்டும் சட்டைப் பையில்.

முதல் மேட்டில் பறந்தோம். விமானம் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் சேவை சாதிக்கும் திருநீர்மலைப் பெருமாள், எங்களைக் கண்டு ஐந்தாவதாக ஓடியும் காட்டினார்.

இடது வளைவில் என் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ரேவதி பைக் நினைப்பில் இடது பக்கம் சாய்ந்தாள்.

"மாமா, கூடவே சாயுங்க!"

"ஏய், இது டிரக்டி! சாஞ்சா கேக்குமா?"

"பேசாம சாயுங்க மாமா!"

கதவோடு கதவாகச் சாய்ந்தேன். சக்கரங்கள் தொப்பென்று இறங்கின. சுற்று முடிந்தது.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "டிரக்குல எவனாவது சாய்வானா? திங்கக்கிழமை வந்து கையெழுத்து போடும்மா. மாமாவையும் இட்டாந்துடு."

விமானமும் பெருமாள் ஓடியதும் என் கைச்சரக்கு. சாய்ந்தது மட்டும் நிஜம். சட்டைப் பையில் இரண்டு எலுமிச்சையும் சப்பையாகிக் கிடக்கின்றன.