புது வீட்டு சுவிட்ச்

செவ்வாய் இரவு, மல்லாபூர், ஹைதராபாத்.

பட்டான்செருவைத் தாண்டி அரசு கொடுத்திருக்கும் வீட்டில் இன்று ஆய்வு. பூட்டிக் கிடந்தால் ஒதுக்கீடு ரத்து என்று அங்கே பக்கத்து வீட்டிலிருக்கும் யாதம்மா நேற்றே போனில் சொல்லிவிட்டாள். இங்கே வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போனேன். கொடியில் ஈரத்துணி போட்டேன். அடுப்பில் சோறு வைத்தேன். குடியிருக்கிற வீடு மாதிரியேதான் இருந்தது.

வந்த அதிகாரி செகந்திராபாத் தமிழர். வியர்வையைத் துடைத்தபடி, "கொஞ்சம் ஃபேன் போடும்மா" என்றார். ஒரு சுவிட்சை அழுத்தினேன், லைட் எரிந்தது. அடுத்ததில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில்தான் ஃபேன் சுற்றியது.

அவர் துணியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் இருக்கீங்களா?"

"ஹவ் சார், இங்கதான்."

"பொய் நக்கோம்மா, வேண்டாம். அடுத்த மாசம் திரும்ப வருவேன். அதுக்குள்ள குடி வந்துடுங்க."

அவர்மேல் கோபமில்லை. வீட்டைக் கட்டியவர்கள் பக்கத்திலேயே எனக்கு ஒரு வேலையையும் கட்டியிருக்கலாம்.

தூக்கம் வருகிறது. இந்த வாடகை அறையில் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினாலே சுவிட்ச் வந்துவிடும். அணைக்கிறேன்.